சொன்ன சொல்லையும் சொல்லுங்கள்

(கிழக்கு லண்டனில் தமிழ்க் கடைக்காரர்களும் பெற்றோரும் கூடிய மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சிறிது செப்பனிடப்பட்டது.)



துவேசம் கெட்டது என்று சொல்ல நான் வரவில்லை. பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்தவருக்கும், வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணிக்குக் கடை பூட்டியவருக்கும் அதை ஒருவர் வந்து பாடம் எடுக்கத் தேவையில்லை. நான் பேச வந்தது அதைவிடச் சின்ன விஷயம். பொலிசுக்கோ கவுன்சிலுக்கோ போகும்போது நம்மவர்கள் எதைச் சொல்கிறார்கள், எதை விழுங்கிவிடுகிறார்கள் என்பதுதான் அது. மொழிபெயர்ப்பாளராகப் பல வருடங்கள் பொலிஸ் நிலையங்களிலும் நீதிமன்றங்களிலும் இருந்து நான் திரும்பத் திரும்பக் கண்டது ஒன்று. கண்ணாடி உடைந்ததைச் சொல்கிறோம். கண்ணாடிக்கு எவ்வளவு செலவானது என்பதைப் பென்ஸ் கணக்கோடு சொல்கிறோம். உடைத்தவன் உடைக்கும்போது என்ன கத்தினான் என்பதை மட்டும் சொல்வதில்லை.

அந்தச் சொல் போய்விட்டால் இந்த நாட்டுச் சட்டத்தின் கண்ணில் நடந்தது வெறும் சொத்துச் சேதம். அந்தச் சொல் இருந்தால் அது வேறு குற்றம், வேறு தண்டனை. இன்று நான் சொல்லப்போவது முழுக்க இதைச் சுற்றித்தான்.

1993 ஏப்ரல் 22ஆம் திகதி இரவு, தென்கிழக்கு லண்டனில் எல்தம் என்ற இடத்தில், பஸ்ஸுக்காகக் காத்திருந்த ஸ்டீவன் லாரன்ஸ் என்ற கறுப்பின மாணவனை ஒரு கும்பல் கத்தியால் குத்திக் கொன்றது. அவனுக்கு அப்போது 18 வயது. இந்தக் கதை உங்களில் பலருக்குத் தெரியும். ஆனால் அதில் ஒரு விவரத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. உடன் நின்ற நண்பன், அந்தக் கும்பல் தெருவைக் கடந்து ஓடி வந்தபோது கத்திய இனவசையைத் தன் காதால் கேட்டவன். அதை அவன் பொலிசாரிடம் சொன்னான். ஆனாலும் அந்த வழக்கில் வேலை செய்த அதிகாரிகள் சிலர், இது இனவெறிக் கொலைதான் என்பதைக் கடைசிவரை ஏற்க மனமில்லாமலே இருந்தார்கள். இந்தக் கொலை விசாரணை பற்றி 1999 பெப்ரவரியில் வெளிவந்த மக்பர்சன் அறிக்கை அதைக் கடுமையாகக் கண்டித்தது. கொலை நடந்து கிட்டத்தட்ட 19 வருடங்களின் பின், 2012 ஜனவரியில்தான், இருவருக்குத் தண்டனை கிடைத்தது.

அந்த அறிக்கை செய்த 70 பரிந்துரைகளில் ஒன்று இந்தக் கூடத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் பயன்படுவது. பாதிக்கப்பட்டவரோ வேறு எவரோ ஒரு சம்பவத்தை இனத்துவேசச் சம்பவம் என்று கருதினால், பொலிஸ் அதை அப்படியே பதிய வேண்டும் என்றது அது. இன்றைக்கு வெறுப்புக் குற்றங்களைப் பதிவதற்கு பொலிசும் அரச வழக்குத்தொடுநர் துறையும் வைத்திருக்கும் பொது வரையறையும் இதன் வழியில் வந்ததுதான். ஒரு குற்றம் நடந்தது, அதன் பின்னால் என் இனத்தின் மேலோ மதத்தின் மேலோ உள்ள பகை இருந்தது என்று நான் நினைக்கிறேன். பதிவதற்கு அது போதும். நிரூபிக்கிற பொறுப்பு அந்தக் கட்டத்தில் என் தலையில் இல்லை. நீதிமன்றத்தில் தண்டனை வாங்கிக் கொடுக்க ஆதாரம் வேண்டும், அது வேறு கட்டம். நம் ஆட்கள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். "அவன் துவேசத்திலைதான் செய்தவன் எண்டு எப்படி நிரூபிக்கிறது?" என்று கேட்டுக்கொண்டு வீட்டிலேயே வழக்கை விசாரித்து, வீட்டிலேயே தள்ளுபடி செய்துவிடுகிறார்கள்.

இனிச் சட்டம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், தேவையானதை மட்டும் சொல்கிறேன். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியது 1998ஆம் ஆண்டின் குற்ற, ஒழுங்கீனச் சட்டம். தாக்குதல், சொத்துச் சேதம், மிரட்டல், தொடர் தொல்லை போன்ற சில குற்றங்களை இனப்பகையோடு செய்தால் அதைத் தனிக் குற்றமாக அது ஆக்கியது. 2001இல் மதப்பகையும் சேர்க்கப்பட்டது. இந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவு இரண்டு வழிகளைத் தருகிறது. ஒன்று, குற்றத்தின் நோக்கமே பகை என்று காட்டுவது. அது கடினம், மனதுக்குள் புகுந்து பார்க்க வேண்டும். மற்றது, குற்றம் நடக்கும்போதோ, அதற்குச் சற்று முன்போ, சற்றுப் பின்போ, குற்றவாளி பகையை வெளிக்காட்டினான் என்று காட்டுவது. இதற்கு மனதுக்குள் புக வேண்டியதில்லை. வாயிலிருந்து வந்தது போதும். "சிகரெட் கடன் தரமாட்டேன் என்று சொன்னதற்குத்தான் கோபப்பட்டான், துவேசத்தால் இல்லை" என்று அவன் தரப்பு வாதாடினாலும், வேறு காரணமும் இருந்தது என்பதால் பகை இல்லாமல் போய்விடாது என்று அதே பிரிவு சொல்கிறது.

வித்தியாசம் எவ்வளவு? சாதாரணத் தாக்குதலுக்கு உச்சத் தண்டனை 6 மாதச் சிறை. இனப்பகையோ மதப்பகையோ சேர்ந்தால் 2 வருடம். சொத்துச் சேதத்துக்கு 10 வருடம் என்பது 14 ஆகும். உச்சத் தண்டனை எல்லோருக்கும் கிடைப்பதில்லை, முட்டை எறிந்த பெடியனுக்கு யாரும் 14 வருடம் கொடுக்கப்போவதுமில்லை. ஆனால் எந்த மேசைக்கு அந்தக் கோப்பு போகிறது, எவ்வளவு அவசரமாகப் பார்க்கப்படுகிறது என்பதை இந்த வித்தியாசம் தீர்மானிக்கிறது. இந்தத் தனிப் பட்டியலில் வராத குற்றங்களுக்கும், பகை இருந்தது என்று கண்டால் நீதிபதி தண்டனையைக் கூட்ட வேண்டும், அதைத் திறந்த மன்றில் சொல்லவும் வேண்டும். 2020இன் தண்டனைச் சட்டம் அப்படிக் கட்டளையிடுகிறது.

"எங்களைத் தமிழர் எண்டு சொல்லி ஏசேல்லையே, பொதுவா ஃபொறினர் எண்டுதானே சொன்னவன்" என்று ஒருவர் என்னிடம் கேட்டதுண்டு. இதற்கு இந்த நாட்டின் அதியுயர் நீதிபதிகளே பதில் சொல்லியிருக்கிறார்கள். ஸ்பெயின் நாட்டுப் பெண்கள் மூவர் இரவில் நடந்து வந்தபோது, மின்சார நாற்காலி வண்டியில் வந்த ஒருவன் வழிமறித்து, நாசமாய்ப்போன வெளிநாட்டவர்கள் என்றும் உங்கள் நாட்டுக்குத் திரும்பிப் போங்கள் என்றும் ஏசி, அவர்கள் ஓடிப்போய் நுழைந்த கபாப் கடைவரை விரட்டிக்கொண்டு வந்தான். வெளிநாட்டவர் என்பது ஒரு இனம் இல்லையே என்று அவன் தரப்பு வாதாடி, வழக்கு பிரபுக்கள் சபை நீதிபதிகள்வரை போனது. 2007இல் தீர்ப்பு வந்தது. ஒருவர் எந்த இனம் என்று குறிப்பாகச் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் இந்த இடத்துக்கு உரியவர்கள் இல்லை என்று தள்ளிவைப்பதே இனப்பகைதான் என்பது அதன் சாரம்.

இன்னொன்றும் உண்டு. எதிராளி நம்மை என்னவென்று நினைத்தானோ அதுதான் கணக்கு. காதில் தோடும் நெற்றியில் விபூதியுமாக வரும் நம்மவரைப் பார்த்து "பாக்கி" என்று கத்துகிறான். "நான் பாக்கிஸ்தான்காரன் இல்லையே, எனக்கு எப்படி அது பொருந்தும்" என்று அவர் யோசிக்கிறார். பொருந்தும். தாடி வைத்த சைவப் பெடியனை முஸ்லிம் என்று நினைத்து அடித்தால் அது மதப்பகைத் தாக்குதல்தான். முஸ்லிம் நண்பரோடு நடந்து போனதற்காக அடிபட்டாலும் அப்படியே. எந்த மதமும் இல்லாதவரும் இந்தப் பாதுகாப்புக்குள் வருவார். சட்டம் எழுதியவர்கள், அடிக்கிறவன் அடையாள அட்டை பார்த்து அடிப்பதில்லை என்று தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள்.

சரி, இவ்வளவு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அந்தச் சொல் ஏன் காணாமல் போகிறது? முதற் காரணம் கூச்சம். வாக்குமூலம் எடுக்கிற அறையை யோசித்துப் பாருங்கள். சின்ன அறை. ஒரு பொலிஸ் அதிகாரி, பெரும்பாலும் வயதில் இளையவர். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளன், முன்பின் தெரியாத தமிழன். சில வேளை துணைக்கு வந்த மகளும் இருப்பாள். என்ன சொன்னான் என்று அதிகாரி கேட்கிறார். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "கூடாத சொல்லாலை ஏசினவங்கள்" என்கிறார். நான் அதை அப்படியே மொழிபெயர்க்கக் கடமைப்பட்டவன், கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அதிகாரி எழுதுகிறார்: தகாத வார்த்தையால் திட்டினார்கள். அவ்வளவுதான். அந்த ஒரு வரியோடு இனமும் மதமும் கோப்பைவிட்டு வெளியே போய்விட்டன. அந்த அதிகாரி கெட்டிக்காரராக இருந்தால் மறுபடியும் கேட்பார், சரியாக என்ன சொல், எந்த மொழியில், யாரைப் பார்த்து என்று. கேட்காவிட்டால் போனது போனதுதான்.

ஆகவே அக்காமாரே, அந்த அறையில் அந்த அசிங்கம் உங்கள் வாயிலிருந்து வந்தாலும் அது உங்களுடையது இல்லை. ஆங்கிலத்தில் சொன்னானா, ஆங்கிலத்தில் சொல்லுங்கள். உச்சரிப்பு பிழையென்றாலும் பரவாயில்லை. வாயால் சொல்லக் கூசுகிறதா, ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். மகளை வெளியே இருத்திவிட்டுச் சொல்லுங்கள். வாக்குமூலத்தில் கையொப்பம் வைக்கும் முன் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், அந்தச் சொல் அதற்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது காரணம், "ஏன் வீண் சோலி" என்பது. இந்த வாக்கியத்துக்குள் எவ்வளவு வரலாறு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பொலிஸ் நிலையம் என்றால் போனவர் திரும்பி வருவாரா என்று வாசலில் காத்திருந்த ஊரிலிருந்து வந்தவர்கள் நாங்கள். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இளமையைக் கழித்த ஒருவருக்குச் சீருடையைக் கண்டால் நெஞ்சு அடிக்கிறது என்றால் அது கோழைத்தனம் இல்லை, அனுபவம். அதை யாரும் பரிகசிக்கக் கூடாது. இங்கேயும் நம்மவருக்கு உயிரே போயிருக்கிறது. 1991 முடிந்து 1992 பிறந்த அந்தக் குளிர்நாட்களில் ஈஸ்ட்ஹாமில் ஒரு தமிழ் அகதி இளைஞரை வெள்ளைக் கும்பல் ஒன்று அடித்துக் கொன்றதை இந்தக் கூட்டத்தில் உள்ள மூத்தவர்கள் சிலர் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் ஊர்வலம் போனவர்களே இங்கே இருக்கக்கூடும். நீங்கள்தான் பிள்ளைகளுக்கு அதைச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, "சின்னப் பெடியள்தானே". எனக்கு இதுதான் மிகவும் எரிச்சல். பன்னிரண்டு வயதுப் பிள்ளை கடைக்கதவைத் திறந்து ஒரு இனவசையைக் கத்திவிட்டு ஓடுகிறது. ஒரு நாள் கத்தினால் சின்னப் பெடியன். இரண்டு மாதம் கத்தினால்? கூட ஐந்து பேரை அழைத்து வந்தால்? கதவில் துப்பினால்? 10 வயது நிரம்பிய பிள்ளைக்குக் குற்றப் பொறுப்பு உண்டு என்பதுதான் இங்கிலாந்துச் சட்டம். அதற்காகச் சிறுவனைச் சிறைக்கு அனுப்புங்கள் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் நடப்பது பள்ளிக்கூடத்துக்கும் பெற்றோருக்கும் பொலிஸ் போய்ப் பேசுவதுதான். அதுவே பல இடங்களில் போதுமாக இருந்திருக்கிறது.

இந்தச் சின்னச் சின்ன விஷயங்களைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் நம் அனுபவத்தில் துவேசம் கத்தியோடு வருவது அபூர்வம். அது வருவது கதவிடுக்கில் போடப்பட்ட குப்பையாக, காரில் இழுத்த கீறலாக, மேல்மாடிக்காரன் நம் சமையல் வாசனையைச் சொல்லி ஒவ்வொரு நாளும் சுவரில் இடிப்பதாக, பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்து மூக்கைப் பொத்துவதாக, முக்காட்டைத் தொட்டு இழுப்பதாக, கோவில் வாசலில் எறிந்துவிட்டுப் போன இறைச்சித் துண்டாக. தனித்தனியாக எடுத்தால் எதற்கும் பொலிஸ் வராது. 1997இன் தொல்லைத் தடுப்புச் சட்டம் கேட்பது தொடர் நடத்தையை. ஒருவரை நோக்கிக் குறைந்தது இரண்டு தடவை நடந்திருக்க வேண்டும். இரண்டாவது தடவை நடக்கும்போது முதல் தடவை எங்கேயாவது எழுத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சட்டத்துக்கு அது எப்போதும் முதல் தடவைதான்.

கடைக்காரக் குடும்பம் ஒன்றைச் சொல்கிறேன். இடமும் அடையாளமும் மாற்றியிருக்கிறேன், என் தொழிலுக்கு அந்தக் கட்டுப்பாடு உண்டு. கடைக்கு முன்னால் பெடியள் கூட்டம். கணவர் "விடு, போவாங்கள்" என்கிற ஆள். மனைவி பால், பாண் கணக்கு எழுதுகிற கொப்பியின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். தமிழில்தான். அந்தக் கொப்பியை நான் மொழிபெயர்க்க நேர்ந்தது. ஒரு பதிவு இந்த மாதிரி இருந்தது: "செவ்வாய். பின்னேரம் 6.20. சாம்பல் ஜம்பர், உயரமானவன். நீலச் சைக்கிள், கட்டையானவன். உயரமானவன் கதவைத் திறந்து கத்தினான்." அதன் பிறகு அவன் கத்திய சொற்கள், ஆங்கில ஒலியைத் தமிழ் எழுத்தில் அப்படியே பிடித்து வைத்தது. "கடைக்குள் 2 பேர் நின்றவை. ஒரு ஆள் 84ஆம் நம்பர் வீட்டு மனுசி. கமரா வேலை செய்தது." அதற்குக் கீழே, பாண் 12, பால் 3 கிறேட்.

மிகையில்லை, விளக்கவுரை இல்லை, "நாங்கள் மிகவும் மனம் உடைந்தோம்" என்று ஒரு வரி இல்லை. நாள், நேரம், உடுப்பு, சொல், சாட்சி, கமரா. அந்தப் பக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்த பிறகுதான் அதுவரை சம்பவத்துக்கு ஒரு இலக்கம் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்த அதிகாரி கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். தமிழில் எழுதினால் செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அன்றன்றைக்கே எழுதியது என்பதுதான் அதன் பலம். மொழிபெயர்க்க எங்களைப் போன்றவர்கள் இருக்கிறோம்.

கமரா என்றதும் ஒன்று. நம் கடைகளில் உள்ள பதிவுப் பெட்டிகள் சில வாரங்களில் பழையதன் மேல் புதியதை எழுதிவிடும். பொலிஸ் வந்து எடுக்கும் என்று காத்திருக்காமல் அன்றே அந்தப் பகுதியை வேறாகச் சேமியுங்கள். பஸ் என்றால் தட இலக்கம் மட்டும் போதாது, எந்தத் திசை, எத்தனை மணிக்கு, எந்தத் தரிப்பில் ஏறியது என்றும் குறியுங்கள். கைபேசியில் வந்த வசையை ஆத்திரத்தில் அழிக்காதீர்கள். அனுப்பியவர் பெயரும் திகதியும் தெரிய அந்தத் திரையைப் படம் பிடித்து வையுங்கள். சுவரில் எழுதியிருந்தால் படம் எடுத்த பிறகு கழுவுங்கள். நம் ஆட்கள் விடிவதற்குள் கழுவித் துடைத்துவிட்டு, பிறகு என்னிடம் வந்து நடந்ததை வர்ணிப்பார்கள்.

எங்கே சொல்வது என்பது பலருக்கும் தெரிந்ததுதான். ஆபத்து நடந்துகொண்டிருந்தால் 999. பேச முடியாத நிலையில் கைபேசியிலிருந்து அழைத்தால், கேட்கும்போது 55ஐ அழுத்தலாம். நடந்து முடிந்ததற்கு 101, அல்லது பொலிஸ் பிரிவின் இணையத்தளம், அல்லது நேரில். ஆங்கிலம் வராவிட்டால் தமிழ் என்று சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் இணைப்பார்கள். பொலிசை அணுகவே மனம் இல்லாதவர்களுக்காகச் சில தொண்டு அமைப்புகளும் நூலகங்களும் முறைப்பாட்டை வாங்கிக் கொடுக்கும் நிலையங்களாக இயங்குகின்றன. பெயர் சொல்லாமல் தகவல் கொடுக்க கிரைம்ஸ்டாப்பர்ஸ் இருக்கிறது, 0800 555 111. வேலையிடத்தில் நடந்தால் 2010இன் சமத்துவச் சட்டம், அதற்குக் கால எல்லை மாதக் கணக்கில்தான், ஆறப்போடாமல் வேலையிடப் பிணக்குகளுக்கு ஆலோசனை சொல்லும் ஏகாஸ் (Acas) அமைப்பிடம் கேளுங்கள். பள்ளிக்கூடத்தில் நடந்தால் வாசலில் நின்று ஆசிரியரிடம் சொல்வதோடு விடாமல் எழுத்தில் கொடுங்கள்.

அயலவர் தொல்லைக்கு மட்டும் சற்று நின்று சொல்கிறேன், ஏனென்றால் இது பலருக்குத் தெரியாது. 2014இன் சமூகவிரோத நடத்தைச் சட்டத்தின் கீழ், ஆறு மாதத்துக்குள் மூன்று முறைப்பாடு செய்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், கவுன்சிலும் பொலிசும் வீட்டுச் சங்கமும் ஒன்றாக உட்கார்ந்து உங்கள் விஷயத்தை மீளாய்வு செய்யும்படி கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு. மூன்று என்பது உச்ச வரம்பு, சில இடங்களில் அதற்கும் குறைவாகவே கேட்பார்கள். ஒவ்வொரு முறைப்பாடும் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் செய்ததாக இருக்க வேண்டும். இப்போது புரிகிறதா, பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு வருடக் கடைசியில் ஒரேயடியாகப் போய் வெடிப்பதால் நமக்கு என்ன நட்டம் என்று?

விசா பற்றிக் கேட்பீர்கள். நேர்மையாகச் சொல்கிறேன். வதிவிட உரிமை உள்ளவருக்கோ, மாணவர் அல்லது வேலை விசாவில் இருப்பவருக்கோ, தஞ்சக் கோரிக்கை நிலுவையில் உள்ளவருக்கோ, குற்றத்துக்கு ஆளானேன் என்று முறையிட்டது விண்ணப்பத்துக்குக் கேடு என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் எந்தப் பத்திரமும் இல்லாமல் இருப்பவரிடம் பயப்படாமல் போ என்று நான் சொல்ல மாட்டேன். பொலிஸ் சில வேளை அப்படிப்பட்டவர்களின் விவரங்களை உள்துறை அமைச்சுடன் பகிர்ந்திருக்கிறது. சவுத்தோல் பிளாக் சிஸ்டர்ஸ், லிபர்ட்டி என்ற உரிமை அமைப்புகள் 2018இல் அதற்கு எதிராக உத்தியோகபூர்வமாகவே முறையிட்டன. அந்த நிலையில் உள்ளவர் முதலில் ஒரு சொலிசிற்றரிடமோ, சமூக அமைப்பிடமோ பேசிவிட்டு அவர்கள் மூலம் போகட்டும்.

"சொன்னால் மட்டும் என்ன கிழித்துவிடப் போகிறார்கள்?" என்ற கேள்விக்கு வருகிறேன். பல நேரம் ஒன்றும் கிழிக்க மாட்டார்கள் என்பது உண்மை. 2024 மார்ச்சோடு முடிந்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொலிஸ் பதிந்த வெறுப்புக் குற்றங்கள் 140,561. அதில் பத்துக்கு ஏழு இனம் சார்ந்தது. மதம் சார்ந்தவை 10,484, முந்தைய ஆண்டைவிடக் கால் பங்கு அதிகம். இவற்றில் வழக்காக முடிவது சிறு பகுதிதான். அதைத் தெரிந்துகொண்டே போங்கள், அப்போது ஏமாற்றம் குறையும். அதே சமயம் சும்மா வராதீர்கள். குற்ற இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். இதை வெறுப்புக் குற்றமாகக் குறித்திருக்கிறீர்களா என்று நேரடியாகக் கேளுங்கள், அந்தக் கேள்வியே சில கோப்புகளை மாற்றியிருக்கிறது. இது உங்கள் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று உங்கள் சொந்த வார்த்தையில் அறிக்கை கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. கொப்பியில் எழுதாமல் விட்ட மன உடைவை எல்லாம் அங்கே சொல்லுங்கள். வழக்குப் போடாமல் கைவிட்டால், அந்த முடிவை மறுபரிசீலனை செய்யச் சொல்லவும் முறை இருக்கிறது. காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

வழக்கு விழுந்தாலும் பதிவு நிற்கும் என்பதை வேறு சமூகங்கள் நம்மைவிட நன்றாகப் புரிந்துவைத்திருக்கின்றன. யூதர்கள் தங்கள்மேல் நடக்கும் சம்பவங்களை 1984 முதல் தாங்களே பதிந்து எண்ணி வருகிறார்கள். முஸ்லிம்களுக்காக அதே வேலையைச் செய்யும் டெல் மாமா என்ற அமைப்பு 2012இல் தொடங்கியது. நம்மைப் பற்றி ஒரு கணக்கு எங்கே? ஈழத்தமிழர் அரச படிவத்தில் பிற ஆசியர் என்ற பெட்டிக்குள் போய்விடுகிறோம். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் இந்தியர் என்ற பெட்டிக்குள். நாமும் வாயை மூடிக்கொண்டால் பெட்டியில்கூட இல்லை.

இதுவரை நமக்கு மற்றவர்கள் செய்வதைப் பேசினேன். நம்மைப் பற்றியும் பேசாவிட்டால் இந்தப் பேச்சுக்கு அரை மரியாதைதான். 2024 ஜூலை 29ஆம் திகதி சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டபோது, கொன்றவன் படகில் வந்த தஞ்சக் கோரிக்கையாளன் என்று ஒரு பொய் சில மணிநேரத்துக்குள் நாடெங்கும் பரவியது. அவன் கார்டிஃபில் பிறந்தவன். அடுத்த சில நாட்களில் பள்ளிவாசல் தாக்கப்பட்டது, ரொதரம் அருகே தஞ்சக் கோரிக்கையாளர்கள் தங்கியிருந்த ஹோட்டலுக்குத் தீ வைக்கப் பார்த்தார்கள். அந்த வாரம் நீங்களும் கடைகளை நேரத்தோடு பூட்டினீர்கள். அதே வாரம் நம் வாட்ஸ்அப் குழுக்களில் என்ன ஓடியது? "உந்த முஸ்லிம்களாலைதான் எங்களுக்கும் அடி" என்று எழுதியவர்களை நான் பார்த்தேன். அடிக்க வந்தவன் வித்தியாசம் பார்க்க மாட்டான் என்பதைச் சற்று முன்புதான் சொன்னேன்.

2022இல் லெஸ்டரில் நடந்தது இன்னும் கசப்பு. ஓகஸ்ட் கடைசியில் இந்தியா பாக்கிஸ்தான் கிரிக்கெட் ஆட்டத்துக்குப் பின் மூண்டது, இந்து, முஸ்லிம் இளைஞர்கள் தெருவில் இறங்கி நின்ற நிலைக்கு செப்ரெம்பரில் போனது. அதற்கு நடுவே ஒரு பெண்பிள்ளையைக் கடத்தப் பார்த்தார்கள் என்று ஒரு செய்தி பரவியது. அப்படி ஒன்று நடந்ததற்கு ஆதாரம் இல்லை என்று பொலிஸ் சொல்ல வேண்டிவந்தது. மதப்பகைத் துன்புறுத்தல் என்றால் அது வெள்ளைக்காரன் செய்வது மட்டும் இல்லை. பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பத்தை நம் பிள்ளை ஏசினால் அதே சட்டம், அதே 28ஆம் பிரிவு நம் வாசலுக்கு வரும். ருமேனியா நாட்டு வாடகைக்காரரை ஏசினாலும் வரும். சாதியைச் சொல்லி ஒருவரை ஒதுக்குவதை இந்த நாட்டுச் சட்டம் இன்னும் பெயர் சொல்லித் தடுக்கவில்லை. 2018இல் அரசு அதற்குத் தனிச் சட்டம் வேண்டாம் என்று முடிவெடுத்தது. அதைக் கேட்டு நம்மில் சிலர் ஆறுதலாக மூச்சுவிட்டதும் எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர்கூட இந்தக் கூட்டத்தில் இல்லை என்று நம்புகிறேன். (சிரிப்பு)

கடைசியாக, வேடிக்கை பார்த்தவர்களின் விஷயம். பாதிக்கப்பட்டவரோ வேறு எவரோ என்று வரையறையில் இருக்கிறது என்றேனே, அந்த "வேறு எவரோ" நீங்கள்தான். ரயிலில் ஒரு சோமாலிப் பெண்ணை ஒருவன் ஏசுகிறான் என்று வையுங்கள். அவனோடு மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை. ஐம்பது வயதில் முழங்கால் வலியோடு யாரும் வீரம் காட்ட வேண்டாம். அந்தப் பெண்ணுக்குப் பக்கத்து இருக்கையில் போய் உட்காருங்கள். எந்த நிலையத்தில் இறங்குகிறீர்கள், ரயில் எங்கே போகிறது என்று ஏதாவது பேச்சுக் கொடுங்கள். அவன் சொன்ன சொற்களை மனதில் பிடியுங்கள். ரயிலுக்கும் அண்டர்கிரவுண்டுக்கும் தனிப் பொலிஸ் இருக்கிறது, 61016 என்ற இலக்கத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம், வாய் திறக்க வேண்டியதே இல்லை. எந்தப் பாதை, எத்தனையாவது பெட்டி, அடுத்த நிலையம் எது, அவன் என்ன உடுத்திருக்கிறான் என்பதோடு, என்ன சொன்னான் என்பதையும் எழுதுங்கள். அந்தப் பெண் பிறகு பயந்து முறையிடாமல் போனாலும் உங்கள் செய்தி பதிவாக இருக்கும். இறங்கும்போது விருப்பமென்றால் சாட்சி சொல்லத் தயார் என்று அவரிடம் உங்கள் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

நேரம் ஆகிவிட்டது, தலைவர் மணியைப் பார்க்கிறார். தனிப்பட்ட விஷயம் கேட்க வேண்டியவர்கள் மேடையில் கேட்க வேண்டாம், தேநீர் மேசைப் பக்கம் வாருங்கள். கொப்பி வைத்திருப்பவர்கள் அதையும் கொண்டு வாருங்கள்.